கைக் கிளட்ச்

“அப்பா, இந்த இரும்புத் தொப்பிக்குள்ள இருந்த தலை இப்ப எங்க இருக்கு?”

ஆறு வயதில் மகள் கேட்ட கேள்வி. கார் ஷெட்டின் சுவரில் பழைய ராணுவ ஹெல்மெட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றில் ஒன்றின் நெற்றிப் பக்கம் ஓர் ஓட்டை இருந்தது. குழந்தை அதற்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அன்று மாலையே நண்பர்களிடம் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். அதன்பின் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் முதலில் காபியும் அடுத்து இந்த ஜோக்கும் பரிமாறப்பட்டன. மகள் ஷெட்டுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அவரை எல்லோரும் ‘கர்னல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ராணுவத்தில் இருந்ததில்லை. தரைக்கு ஒட்டும் டைல்ஸ் வியாபாரம். பல்லியைக் கண்டால் மனைவியைக் கூப்பிடுகிறவர். ஆனால் போர்க்காலத்து ஜீப், டிரக், தண்ணீர் டிரெய்லர், வயர்லெஸ் பெட்டி, சிப்பாய்கள் சாப்பிட்ட தகரத் தட்டு என்று எது கிடைத்தாலும் வாங்கிச் சேர்ப்பார். அவரைப் போன்றவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் வண்டிகளை நிறுத்திப் போட்டி வைப்பார்கள். போரில் பட்ட காயத்தைத் தவிர, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே வண்டி இருக்க வேண்டும். பிற்காலத்தில் பொருத்திய ஒரு திருகாணி கண்ணில் பட்டாலும் மார்க் குறையும். பக்கத்தில் வைக்கும் பலகையில் எழுதியிருக்கும் வண்டியின் கதைக்குத் தனி மார்க். அந்தக் காலச் சீருடையில் ஓர் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தால் அதற்கும் உண்டு.

கர்னல் ஒருமுறைகூடக் கோப்பை வாங்கியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் டிரைவர் அண்ணனின் ஜீப்.

டிரைவர் அண்ணன் நிஜமாகவே ராணுவத்தில் அந்த ஜீப்பை ஓட்டியவர். கண்ணிவெடி ஒன்று அவருடைய இடது காலைத் தொடைவரை எடுத்துக்கொண்டது. ஜீப்பின் பக்கத் தகட்டில் ஓர் ஓட்டையைப் போட்டது. ஆளையும் வண்டியையும் சேர்த்தே ராணுவம் கழித்துவிட்டது. வண்டி ஏலத்துக்கு வந்தபோது இவரே போய் எடுத்தார். கட்டைக் கால் கிளட்சை மிதிக்காது. பட்டறைக்காரர் ஒருவரைப் பிடித்து, கிளட்சோடு ஒரு இரும்புக் கம்பியை இணைத்து, அது ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும்படி செய்துகொண்டார். கம்பியின் தலையில் மண்வெட்டிப் பிடியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. வலது கையால் அதை இழுத்து, இடது கையால் கியரை மாற்றுவார். “அந்த ஒரு நொடி ஸ்டியரிங்கை யார் பிடிப்பா?” என்று கேட்டால், “வண்டிக்கு என்னைத் தெரியும், அது நேராத்தான் போகும்” என்பார். அப்படியே காய்கறி ஏற்றினார், பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டார், பிரசவ வலி வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். யாரிடமும் கூலி பேசியதில்லை.

அவர் குடியிருந்த சந்துத் தெருவை அகலமாக்கினார்கள். வண்டி நிறுத்த இடம் போயிற்று. தெருவில் நின்றால் பழைய இரும்புக்கு இழுத்துப்போய்விடுவோம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அந்தச் சமயத்தில்தான் கர்னல் வந்தார்.

“விலையை வேணா குறைச்சுக்கங்க சார். ஒண்ணே ஒண்ணு. உங்க மைதானத்துல அணிவகுப்பு நடக்குமாமே, அன்னைக்கு ஒரு சுத்து நான் ஓட்டணும். அவ்வளவுதான். அதோட விட்டுடறேன்.”

“ஒரு சுத்து என்ன அண்ணே, பத்து சுத்து ஓட்டுங்க” என்றார் கர்னல். கையில் அடித்துச் சத்தியம் செய்தார். “சீருடை இருக்கா? இருந்தா அதையே போட்டுக்கிட்டு வாங்க.”

சீருடை இருந்தது.

கர்னலின் ஷெட்டில் வேலை தொடங்கியது. வண்ணத்தைச் சுரண்டி அடியில் இருந்த பழைய பச்சையைக் கண்டுபிடித்தார்கள். இருக்கைக்கு அந்தக் காலத்துக் கான்வாஸ் துணி வந்தது. கடைசியில் மெக்கானிக் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இதை எடுத்துட்டா அண்ணன் எப்படி சார் ஓட்டுவார்?”

“ஃபேக்டரியில இது இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப எதுக்குக் கேட்கற?”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே.”

“சொன்னா வருவாரா? சீருடை மார்க்கை உங்க அப்பாவா வந்து தருவார்?”

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தான். கம்பி அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போய், அங்கிருந்து உலைக்குப் போயிற்று. கர்னல் மறதியால் செய்யவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மறதி என்றால் மன்னிப்பது சுலபம்.

அடுத்தது பலகை. அதை எழுதும்போது அவருடைய மனைவி பக்கத்தில் நின்று படித்தாள். கர்னலின் தாய்மாமன் இந்த ஜீப்பில் போர்முனைக்குப் போனார், பக்கத் தகட்டைத் துளைத்த குண்டு அவர் உயிரையும் குடித்தது என்று இருந்தது.

“உங்க மாமாவா? அவர் உணவுக் கிடங்குல மூட்டை எண்ணிக்கிட்டில்ல இருந்தார்? அவர் பார்த்த ஒரே குண்டு அவர் வயிறுதானே?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, போடி.”

“கால் போன மனுஷனோட கதையையே எழுதுங்களேன். அது நிஜமாவது.”

“அவன் உயிரோட இருக்கானே! செத்தவன் கதைக்குத்தான் மார்க் ஜாஸ்தி.”

அவள் உள்ளே போனாள். பழைய சாமான் கடையில் வாங்கிய பதக்கம் ஒன்றை மாமாவுடையது என்று சொல்லி, கர்னல் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்.

போட்டி நாளன்று டிரைவர் அண்ணன் பஸ் பிடித்து வந்தார். காலையில் மருமகள் சீருடையைத் தேய்த்துக் கொடுக்கும்போது, “என்ன மாமா, திரும்பக் கூப்பிட்டுட்டாங்களா?” என்று கேலி செய்திருந்தாள். “நான் இல்லாம அவங்களுக்கு முடியலையாம்மா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். உடம்பு சுருங்கியதில் சட்டை இரண்டு ஆளுக்குக் காணும்போல இருந்தது. ஜீப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார். புதிதாகப் பிறந்ததுபோல் அது நின்றுகொண்டிருந்தது. “குளிப்பாட்டி விட்ட மாதிரி வச்சிருக்கீங்க சார்” என்று கர்னலின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

பலகையையும் படித்தார். மெதுவாக, இரண்டு தரம்.

கைத்தடியைச் சாய்த்துவைத்து, கட்டைக் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். வலது கை தானாகக் கம்பி இருந்த இடத்துக்குப் போயிற்று. காற்றைப் பிடித்தது. கொஞ்சம் கீழே தேடியது. கொஞ்சம் மேலே தேடியது.

சங்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

“என்னப்பா தேடுறார்? சில்லறை விழுந்துடுச்சா?” என்றார் ஒருவர்.

“கம்பியைத் தேடுறார்” என்றார் கர்னல். எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற போதை அவருக்கு ஏறியிருந்தது. “வண்டியை ஒரிஜினலா ஆக்கிட்டேன். இப்ப ஆளுதான் ஒரிஜினல் இல்ல!”

மைதானம் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “பாதி ஸ்பேர் பார்ட்ஸ்!” என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார். மறுபடியும் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் பேரக் குழந்தைகளை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்கள்தான். கூட்டத்தில் நிற்கும்போது மனிதன் தன் மனசாட்சியைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்து வைத்துவிடுகிறான்; அவனும் அதையே செய்திருப்பது தெரிவதில்லை.

டிரைவர் அண்ணனும் சிரித்தார். வேறு என்ன செய்வார்? அந்த இடத்தில் சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும்.

“சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க அண்ணே. ஓட்டறதை நான் பார்த்துக்கறேன்.”

“சரிங்க சார்.”

மகள் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள். வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகிற பெண். அம்மாவின் வற்புறுத்தலால் வந்தவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நடுவர் வந்தார். ஓய்வுபெற்ற மேஜர். இவர் நிஜம். வண்டியைச் சுற்றிவந்தார், குனிந்து அடியில் பார்த்தார், தகட்டின் ஓட்டையைத் தடவினார். பலகையைப் படித்தார். பதக்கத்தைக் கையில் எடுத்துத் திருப்பி, விளிம்பில் பெயர் அழிந்திருந்ததைக் கண்டதும் அவர் புருவம் சுருங்கியது. கர்னலைக் கேட்கவில்லை. நேராக டிரைவர் அண்ணனிடம் வந்தார்.

“நீங்க இந்த வண்டியை ஓட்டினவரா?”

“ஆமாங்க ஐயா.”

“அப்ப நீங்களே சொல்லுங்க. இதுல எழுதியிருக்கறது உண்மையா?”

கர்னலுக்குக் காது மடல்வரை சூடேறியது. பொய்க்கதை என்று தெரிந்தால் வண்டியை மட்டுமல்ல, ஆளையும் சேர்த்து வெளியே தள்ளுவது சங்கத்தின் வழக்கம். சென்ற வருஷம் அப்படித் தள்ளப்பட்ட ஒருவரைப் பார்த்துக் கைதட்டியவர்களில் கர்னலும் ஒருவர். இப்போது ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைச் சொல்ல அந்த மனிதருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

டிரைவர் அண்ணன் கர்னலின் முகத்தைப் பார்த்தார். பிறகு, தள்ளி நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் இன்னும் தலை நிமிரவில்லை.

“இந்த வண்டிக்குள்ள ரத்தம் சிந்தினது உண்மைதாங்க ஐயா” என்றார். “நான் கண்ணால பார்த்தேன். அதுக்கு மேல எதுவும் கேட்காதீங்க.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேஜர் அவரையே பார்த்தார். துக்கத்தால் பேச முடியாமல் நிறுத்திக்கொண்டார் என்று நினைத்திருக்க வேண்டும். ஓர் அடி பின்னால் போய், விறைப்பாக நின்று, சல்யூட் அடித்தார். உயிரோடு உட்கார்ந்திருந்த மனிதருக்கு அல்ல, பலகைக்கு.

கோப்பை கர்னலுக்குக் கிடைத்தது. தோளில் தூக்கினார்கள், படம் எடுத்தார்கள். கர்னலே வண்டியை மைதானத்தைச் சுற்றி ஓட்டினார். பக்கத்தில் உட்காரச் சங்கத் தலைவர் ஆசைப்பட்டதால் டிரைவர் அண்ணனை இறங்கச் சொன்னார்கள். எல்லாம் முடிந்து யாரோ அவரைத் தேடியபோது அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போயிருந்தார். சாப்பிட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை.

வீடு திரும்பும் வழியில் மகள் சொன்னாள்: “அப்பா, அவர் இன்னைக்கு உங்களுக்குப் பிச்சை போட்டுட்டுப் போனார்.”

“வாயை மூடிக்கிட்டு வா.”

அவள் மூடிக்கொண்டாள். அவளுக்கு அது பழக்கம்.

கோப்பை கண்ணாடி அலமாரிக்குள் உட்கார்ந்தது. பார்க்க வந்தவர்களிடம் கர்னல் மாமாவின் கதையைச் சொல்லத் தொடங்குவார். ‘ரத்தம்’ என்ற சொல் வரும் இடத்தில் நாக்கு தடுக்கும். தண்ணீர் குடிப்பார், மறுபடியும் தொடங்குவார், மறுபடியும் தடுக்கும். போகப் போகக் கதையை அவர் சொல்வதில்லை. நண்பர்கள் சொன்னார்கள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தன்னை ஒருவன் அடித்திருந்தால் திருப்பி அடிக்கலாம். அடிக்க ஓங்கக்கூடச் செய்யாமல் கையை மடக்கிக்கொண்டு போனவனை என்ன செய்வது? கடவுள் சில பேரைத் தண்டனையால் திருத்துகிறார். சில பேரை, தகுதிக்கு மேல் ஒரு கருணையைக் கொடுத்துத் தூங்கவிடாமல் செய்கிறார்.

சாதாரண வேலைநாள் ஒன்றில், கடையைப் பாதியில் விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கர்னல் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். டிரைவர் அண்ணன் வீட்டில் மருமகள் வேலைக்குப் போயிருந்தாள், பிள்ளைகள் பள்ளிக்கு. கதவைத் திறந்தவர் வண்டியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“வாங்க சார். என்ன விஷயம்?”

மன்னிப்புக் கேட்கத்தான் கர்னல் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்திருந்தார். வரவில்லை.

“ஒரு சுத்து பாக்கி இருக்கு” என்றார்.

“கம்பி இல்லாம நான் எப்படி...”

“நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க. மிதிக்க நான் இருக்கேன்.”

மூடிக் கிடந்த செங்கல் சூளையின் பின்னால் பெரிய பொட்டல் இருந்தது. ஆளில்லை, ஆடுமாடுகூட இல்லை. டிரைவர் அண்ணன் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். கர்னல் இடது பக்கம் உட்கார்ந்து, உடம்பைக் கோணலாகச் சாய்த்து, தன் வலது காலை நடுவில் இருந்த கியர் தடிகளைத் தாண்டி நீட்டி, கிளட்சின் மேல் வைத்தார். கியர் தடி முழங்காலில் குத்தியது. தொப்பை மூச்சை அடைத்தது.

வண்டி முதல் தடவை குலுங்கி அணைந்தது. இரண்டாவது தடவை தவளைபோல் துள்ளி அணைந்தது.

“நான் சொன்னப்புறம் விடுங்க சார். மெதுவா, மெதுவா. முட்டைமேல கால் வச்ச மாதிரி.”

“சரி.”

“நீங்களா முந்திக்காதீங்க.”

“சரிண்ணே.”

வண்டி நகர்ந்தது. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கை இறுக்கவில்லை. தூங்கும் குழந்தையின் தலையில் வைப்பதுபோல் விரல்களை வைத்திருந்தார். இரண்டாம் கியருக்கு “மிதிங்க” என்றார், கர்னல் மிதித்தார். “விடுங்க” என்றார்; விட்டார். பொட்டலின் முனையில் திரும்பினார்கள். ஒரு சுற்று முடிந்தது. டிரைவர் அண்ணன் நிறுத்தவில்லை. கர்னலும் நிறுத்தச் சொல்லவில்லை. தொடை நரம்பு பிடித்துக்கொண்டு சுண்டி இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். காலை மட்டும் எடுக்கவில்லை.

சீருடை இல்லாத, வெறும் வீட்டுச் சட்டை அணிந்த அந்த மனிதரின் முகத்தில் காற்று அடித்தது. எதிரே மேடு வந்தது. அவர் கண்கள் மேட்டின்மேல் இருந்தன. பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“மிதி!” என்றார், தன் சொந்தக் காலிடம் சொல்வதுபோல.

கர்னல் மிதித்தார்.