அறுபது செக்கன்

"அண்ணே, வேணாம்! அதப் பிடுங்காதீங்க!"

கதிர் போட்ட சத்தத்தில் இராசரத்தினத்தின் கை பிளக்கிலேயே நின்றுவிட்டது. மற்றக் கையிலிருந்த ஹீட்டர் வயர் நழுவிக் கீழே விழுந்தது. கராஜுக்குள் கம்பளம் விரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். செத்த வீட்டில் நின்று இப்படியும் ஒருத்தன் கத்துவானா என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

"என்ன தம்பி, கரண்ட் அடிக்குமோ?" என்றார் இராசரத்தினம்.

"இல்லண்ணே. இந்தக் கிட்டார்ப் பெட்டில லூப் ஓடிட்டு இருக்கு, வாசிச்சதே திரும்பத் திரும்ப. அந்தப் பச்சை லைட்டப் பாருங்க. ஜனா கடைசியா வாசிச்சது உள்ள இருக்கு. கரண்ட எடுத்தா போயிடும். அப்புறம் தலைகீழா நின்னாலும் வராது."

வாசற்படியில் நின்ற யோகராணிக்கு எரிச்சல் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நான்கு நாளாக எல்லோரும் அவளைக் கேட்காமல்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். எந்த வேட்டி, எந்தப் படம், யார் பேசுவது, எத்தனை பேருக்குச் சோறு, எல்லாம் கணவனின் அண்ணன் இராசரத்தினம்தான். பிரேதத்தைப் பத்தரைக்குக் கொண்டு வருவார்கள். கராஜுக்குள் வைத்துத்தான் கிரியை. ஐயர் பத்து மணிக்கே வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். கிரியைக்குச் சுண்ணப்பொடி இடிக்க உரல் இன்னும் வந்து சேரவில்லை. இப்போதே பத்தாகப் போகிறது. அதற்குள் இது வேறு.

அந்தச் சாமானை அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இரண்டு செருப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிடிக்கிற அளவு, கறுப்புத் தகரம், காலால் அமத்த நான்கு பொத்தான், சின்ன ஸ்கிரீன். மொடலர் என்பார் அவள் கணவன் ஜனார்த்தன். கிட்டாரை அதில் செருகினால் பெரிய பெரிய அம்ப்ளிஃபயர்களின் சத்தத்தையெல்லாம் சிப் ஒன்று உள்ளே இருந்து நடிக்குமாம். அதற்கு முன்னால் அவரிடம் உண்மையான அம்ப்ளிஃபயர் இருந்தது. ஊரை விட்டு இந்த மனுரேவாவுக்கு வந்த புதிதில் அதை வைத்து வாசித்து, பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு சொல்லி, கவுன்சிலிலிருந்து ஒருவர் வாசலில் வந்து நின்ற அன்றைக்கு யோகராணிதான் சொன்னாள்: "இனி இந்த வீட்டில எனக்கு உந்தச் சத்தம் கேக்கக் கூடாது." கேட்கவில்லைதான். அடுத்த மாதமே மொடலரும் ஹெட்போனும் வந்தன. ஆறு வருடமாக மனிசன் கராஜுக்குள் இருந்து வாசித்தார், அவளுக்குக் கேட்டதெல்லாம் கம்பியில் நகம் படுகிற டிக் டிக் மட்டும்தான்.

சாப்பாட்டு மேசைக்கு வந்தால் அந்தச் சிப்பின் முறைப்பாடு. "ஒரு எக்கோ போட்டா மற்றதைப் போட விடுதில்லை, யோகா. இடம் நிரம்பிட்டுதாம்."

"உங்களுக்கு மட்டும் என்னவாம்? பால் வாங்கச் சொன்னா குப்பை வைக்க மறக்கிறியள்."

சிரிப்பார். பிறகு பெரிய மொடல் ஒன்று வந்திருக்கிறது, அதில் எல்லாம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று தொடங்குவார். மோர்ட்கேஜ் முடியட்டும் பாப்பம் என்று அவள் எழுந்து போய்விடுவாள்.

"யோகா, நீ சொல்லு பிள்ளை," என்றார் இராசரத்தினம். "இருக்கிறது ஒரேயொரு பிளக். வயசுபோன சனம் வந்து விறைக்கப் போகுது. ஒரு பாட்டுக்காக இந்த நேரத்தில..."

அவள் கதிர் பக்கம் பார்த்தாள். ஏவன்டேலில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற கோயம்புத்தூர்ப் பெடியன். நாற்பது வயதாகியும் அவளுக்கு அவன் பெடியன்தான்.

"கடைசியா எண்டா? செவ்வாய்க்கிழமையோ?"

"ஆமாக்கா. அன்னிக்கு அவர் வாசிச்சதுதான். அதுக்கப்புறம் யாரும் தொடலல்ல?"

யாரும் தொடவில்லை. அம்புலன்ஸ்காரர் போனபிறகு கராஜ் கதவை இழுத்துச் சாத்தியவள், இன்றைக்குத்தான் திறந்தாள்.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு அவள் குசினியில் நின்று கூப்பிட்டாள். "சாப்பிட வாங்கோ, புட்டு ஆறுது." கராஜிலிருந்து "ஓம்" என்று கேட்டது. ஜனார்த்தன் எப்போதும் இரண்டு தரம்தான் சொல்லுவார். "ஓம் ஓம்." அதற்கு அர்த்தம் இப்போதைக்கு வரமாட்டேன் என்பது. அன்றைக்கு ஒன்றே ஒன்று. அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தானும் மகளும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, உடுப்பு மடித்து, வரவர ஆத்திரம் ஏறி, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்ப்பது என்று கராஜுக்குப் போனபோது எட்டேமுக்கால் மணி. உட்கார்ந்திருந்த கதிரையிலிருந்து கிட்டாரோடு பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். ஹெட்போனை அவள்தான் காதிலிருந்து இழுத்து எறிந்தாள்.

மாரடைப்பு, சட்டென்று நடந்திருக்கும், அவருக்கே தெரிந்திருக்காது என்றார் டொக்டர். அப்படியென்றால் அந்த ஓம் வெறும் ஓம். வருகிறேன் என்ற ஓம். அப்படி இல்லையென்றால் அது என்ன? அவள் இதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதல் சொல்ல வருவார்கள். அவளுக்கு ஆறுதல் வேண்டாம். அந்த மனிசன் கிடந்து துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தான் புட்டைத் தின்றுகொண்டு அவரைத் திட்டினேனா என்பதுதான் தெரிய வேண்டும். அது தெரியாமல் பிரேதத்தின் முகத்தில் எப்படி முழிப்பது?

"அத்தான், அது இருக்கட்டும்," என்றாள். "ஹீட்டருக்கு வீட்டு ஹோலில இருந்து வயர் இழுங்கோ."

"ஹோலில இருந்து வயர் எட்டாது."

"எட்டாட்டி போர்வை குடுங்கோ!"

அவள் குரல் உயர்ந்ததைக் கேட்டு இராசரத்தினம் ஹீட்டர் வயரைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். பெண்களும் கம்பளத்தை அப்படியே விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் போனார்கள்.

கதிர் லாப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வாசிப்பை அதில் இறக்கி எடுக்க வயர்ப் பெட்டியைக் கிளறினான். ஜனார்த்தன் சேர்த்து வைத்த வயர்கள் அறுபது எழுபது இருக்கும். பழைய டெலிபோன் வயர், விற்ற கமராவின் வயர், எதற்கென்றே தெரியாத வயர். வேண்டிய வயரைத் தவிர எல்லாம் இருந்தன. உலகத்தில் எந்த நாளும் இல்லாமல் இன்றைக்குத்தானா, என்று யோகராணிக்குப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறியலாம் போலிருந்தது.

"சதுர மூக்கு வச்சதுக்கா. பிரிண்டருக்கு வருமே, அது."

"வீ ஹாவ் அ பிரிண்டர்," என்றாள் வாசலில் நின்ற மகள் பிரணவி. பதினாறு வயது. நான்கு நாளாக அவள் வாயிலிருந்து வந்த முழு வசனம் அதுதான். "அப்பாட ரூமில. ஐ வில் கெட் இட்."

அவள் மாடிக்கு ஓடினாள். கதிர் குனிந்து ஹெட்போனை எடுத்தான், தூசியைத் தட்டினான், காதில் வைத்தான்.

முதலில் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. தலையைக்கூட ஆட்டினான். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனைக் காதோடு அமத்திப் பிடித்தான். பிறகு அவசரமாக ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா டியூன் பண்ணியிருக்காரு. ஆஃப் பண்ணிடலாம். அண்ணன் சொன்னதும் சரிதான், ஹீட்டர் போடணும்ல."

"இப்ப பத்து நிமிசத்துக்கு முன்னால தொடாதே எண்டு கத்தினது ஆர்?"

"அக்கா, ப்ளீஸ்."

"இஞ்ச தா."

அவன் தரவில்லை. அவளே குனிந்து எடுத்தாள்.

காதில் வைத்ததும் வாசிப்பு. அவளுக்குத் தெரியாத மெட்டு, அவராகப் போட்டதாக இருக்கலாம். அவசரம் இல்லாமல், ஒரு கம்பியும் மற்றக் கம்பியும் கதைத்துக்கொள்வது போல. இவ்வளவு நல்லாக வாசிப்பாரா? ஆறு வருடம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இதுதானா நடந்தது? அவளுக்கு ஆத்திரம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. ஓரிடத்தில் பிழைத்தது, திருத்தி மறுபடி தொடங்கினார். பிறகு எல்லாக் கம்பியும் ஒன்றாக அதிர, எதுவோ விழுந்தது போல ஒரு சத்தம். அதன் பிறகு உம்மென்ற இரைச்சல் மட்டும். முடிந்தது என்று நினைத்தாள். டொக்டர் சொன்னது சரி என்று நினைத்தாள். ஹெட்போனைக் கழற்றக் கை வைத்தாள்.

அப்போது ஒரு கம்பி மெல்லச் சுரண்டப்பட்டது.

கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். விரலை வைத்து இழுப்பதுபோல. இடையில் இரைச்சல். பிறகு மூன்றாவது தரம், அது பாதியில் இருக்கும்போதே மெட்டு முதலிலிருந்து அழகாகத் தொடங்கியது.

அவள் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு கதிரிடம் கேட்டாள். "மிச்சம் எங்க?"

"அவ்ளோதாங்கா."

"இழுத்துக்கொண்டிருக்கேக்க நிண்டிட்டுது. மிச்சம் எங்க, கதிர்?"

"இதுல அறுபது செகண்டுக்கு மேல மெமரி இல்லக்கா. ரொம்பிடுச்சுன்னா அதுவே ரெக்கார்டிங்க நிறுத்திட்டு முதல்ல இருந்து ஓட ஆரம்பிச்சிடும். நாலு நாளா அதான் ஓடிட்டு இருக்கு."

"குரல் கேக்காதோ? ஏதும் சொல்லியிருப்பார். கூப்பிட்டிருப்பார்."

"மைக் கிடையாதுக்கா. கம்பி மட்டும்தான்."

"பெரிய மொடலில எவ்வளவு பிடிக்கும்?"

கதிர் லாப்டொப்பைப் பார்த்தான்.

"கேக்கிறன் எல்லே?"

"எட்டு நிமிஷம்."

யோகராணி கம்பளத்தில் குந்திவிட்டாள். எட்டு நிமிடம் இருந்தால் தெரிந்திருக்கும். எப்போது விரல் நின்றது, எவ்வளவு நேரம் கிடந்து துடித்தார், எல்லாம் தெரிந்திருக்கும். வேண்டாம் என்றது அவள்தான். அறுபது செக்கன் பிடிக்கத் தெரிந்த சனியனுக்கு அறுபத்தொன்று பிடிக்கத் தெரியாதா? விழுந்த பிறகும் விரல் கம்பியை இழுத்திருக்கிறது, அப்படியென்றால் அந்த ஓம் வருகிறேன் என்ற ஓம் இல்லை. அது அவளுக்கு இப்போது நிச்சயம். அதற்கு ஒரு சாட்சியும் கிடையாது, இனிக் கிடைக்கவும் போவதில்லை. கத்தி அழவேண்டும் போலிருந்தது. கராஜ் கதவு திறந்து கிடந்தது, வெளியே சனம் வரத் தொடங்கியிருந்தது.

"காட் இட்!" பிரணவி வயரோடு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. அம்மாவின் மடியில் ஹெட்போனைப் பார்த்ததும் நின்றாள். "இஸ் இட் ரியலி அப்பா? கேன் ஐ லிசன்?"

கதிர் வயரை வாங்கிக்கொண்டு யோகராணியைப் பார்த்தான். "முழுசாவாக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பாட்டு மட்டும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு வயரைச் செருகினான்.

"வா, இஞ்ச இரு," என்றாள் யோகராணி மகளிடம். மொடலரின் ஸ்கிரீனில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது வலது கரையைத் தொட்டு மறுபடி இடது பக்கம் வரும்வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு மகளின் தலையில் ஹெட்போனை மாட்டினாள். மாட்டிவிட்டுக் கையை எடுக்கவில்லை. இரண்டு காதிலும் இரண்டு கையையும் வைத்தபடி கோட்டையே பார்த்தாள்.

பிரணவி கண்ணீரோடு சிரித்தாள். "ஓ மை காட். ஹி ஆல்வேஸ் மெஸ்ஸஸ் அப் தட் பார்ட்!" என்று காதடைத்தவர்கள் பேசுகிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்.

கோடு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அந்தச் சத்தம் வருமுன் யோகராணி ஹெட்போனைத் தூக்கினாள்.

"அம்மா! இட் வாஸ் ஸ்டில் கோயிங்!"

"இல்லை. அவ்வளவுதான் இதில பிடிக்கும்."

"பட் தி லைன் இஸ் ஸ்டில் மூவிங்."

"அது சும்மா ஓடும்."

கதிர் லாப்டொப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. பிரணவி அவனையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வன்ஸ் மோர்?" என்று கேட்டாள்.

வெளியே இராசரத்தினத்தின் குரல் கேட்டது. "யோகா! பிரேத வாகனம் எங்கட ரோட்டுக்குத் திரும்பீட்டுது, வெளியால வாங்கோ!"

"நிக்கட்டும்," என்றாள் யோகராணி. ஹெட்போனின் இரண்டு பஞ்சையும் சேலையோடு சேர்த்து நெஞ்சில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறு, பிள்ளை. இப்ப முதலில இருந்து வரும்."

கோடு பாதியில் போய்க்கொண்டிருந்தது. அது கரைக்கு வரும்வரைக்கும் தாயும் மகளும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.