நேல்ச்சேயின் வலது கை

நாற்பது வசந்தமாக நேல்ச்சே ஒரே வேலையைத்தான் செய்துவந்தாள். ட்யூலிப் வயல்களில் வரிசை வரிசையாகக் குனிந்து நடந்து, நோய் கண்ட செடியைக் கிழங்கோடு பிடுங்கி வாளியில் போடுவது. ஒரே நிறமாக இருக்கவேண்டிய பூவில் கோடு விழுந்திருந்தால் அது நோய். அசுவினிப் பூச்சி ஒன்று அதில் உட்கார்ந்து அடுத்ததில் உட்கார்ந்தால் போதும், வயலே போச்சு. அந்த ஊரில் கண்கொத்திப் பாம்பு என்றால் நேல்ச்சேதான். கண் பார்த்து மூளைக்குச் சொல்வதற்குள் கை பிடுங்கியிருக்கும்.

அப்படிப்பட்டவள் சொந்தக் கொல்லையில் இருந்த பாத்தியை எட்டிப் பார்த்ததில்லை. அது புருஷன் லூபர்ட்டின் ராஜ்ஜியம். அவள் வந்தால், "வயல்ல குனிஞ்சது போதாதா? போய் காபி போடு" என்று விரட்டுவான். பிறகு அவனுக்கு நுரையீரல் கெட்டது. கட்டில் தெருப்பக்க அறைக்கு வந்தது, மூக்குக்குக் குழாய் வந்தது, பாத்திக்குப் புல் வந்தது. ஆறு வருஷம் அப்படியே போயிற்று.

ஒருநாள் அவன் சொன்னான்: "நேல், மூலையில செங்கச் சுவரோரமா ஒண்ணு வச்சிருந்தேன். அது பூத்து இன்னொரு தடவ பாத்துட்டா போதும்."

"என்ன பூ?"

"பூத்தா தெரியும்."

"அப்படியென்ன ரகசியம்? எவளுக்காக நட்ட?"

"ஒருத்திக்குத்தான். உன்ன மாதிரி வாயாடி இல்ல அவ."

"பூக்கட்டும். உன்ன சக்கர நாற்காலியில வச்சு அவகிட்டயே தள்ளிட்டுப் போறேன், கிழவா."

ஜூனில் தோண்டினாள். புல்வேர் கம்பளமாகப் பின்னிக் கிடந்தது. அதற்கடியில் கிழங்குகள், பூண்டுப் பல் அளவுக்கு வற்றி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. உரமில்லை, ஒரு கை படவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் அழுகாமல், கல்லுப் போல உறுதியாக உயிரோடு இருந்தது. இத்தனை பிடிவாதமா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மூலைக் கிழங்குகளை மட்டும் பிஸ்கட் டப்பாவில் தனியாக உலர வைத்தாள். அக்டோபரில் அதே இடத்தில் நட்டு வைக்கோல் மூடினாள்.

முதல் வசந்தத்தில் ஒற்றை இலை. ஒற்றை இலை விட்டால் பூ இல்லை என்று அந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். மறு வருஷமும் ஒற்றை இலை. அவள் மறுபடி தோண்டினாள், தோலுரித்தாள், பெருத்ததைத் தேர்ந்து நட்டாள். மூன்றாம் வசந்தத்தில் மூலையில் ஒன்று மட்டும் மூன்று இலை விட்டு, நடுவில் பச்சை மொட்டோடு எழுந்தது. அதற்குள் டாக்டர் அடுத்த குளிர்காலத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தார். அவள் நாற்காலி உருளக் கொல்லை நெடுகப் பலகை போட்டாள்.

அன்று காலை நல்ல வெயில். பலகைக்கிடையில் முளைத்த களையைப் பிடுங்க வாளியோடு போனாள். மூலைக்கு வந்தாள். கண்ணில் ஒரு கோடு பட்டது. சடக். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். செடி கிழங்கோடு அவள் கையில் இருந்தது.

வாளிக்கு மேலே கை நின்றது. அப்போதுதான் பார்த்தாள்.

பால் வெள்ளை. அடியிலிருந்து திராட்சைக் கருஞ்சிவப்பு மயிரிழை மயிரிழையாகப் பிரிந்து ஏறி, விளிம்பில் தீயாகப் பற்றியிருந்தது. ஓர் இதழைப் போல இன்னொன்று இல்லை. வெயில் அதன் வழியே புகுந்து அவள் மணிக்கட்டில் நிறமாக விழுந்தது. இப்படி எத்தனையை வாளியில் போட்டிருப்பாள்? ஆயிரமா, பத்தாயிரமா? ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எந்த மூலை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

மண் சொட்டச் சொட்ட உள்ளே ஓடினாள்.

"லூபர்ட், பிடுங்கிட்டேன்யா. இந்தப் பாழாப்போன கை..."

அவன் பூவை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்து, வெகுநேரம் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வந்து குழாய் நழுவும்வரை சிரித்தான்.

"முப்பது வருஷம் இத உன் கைக்கு மறைச்சு வச்சேன். நோய் தேடுறவ வீட்டுக் கொல்லையில நோய்ப்பூ! வெளிய தெரிஞ்சா உன் மானம் போயிருக்கும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பிடுங்கியிருப்ப."

"இப்பவும் பிடுங்கிட்டேனே!"

"ஆனா பாத்துட்டியே."

பூ கிழங்கோடு கண்ணாடித் தம்ளரில் ஒன்பது நாள் நின்றது. இருவரும் டிவியை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதழ் உதிர்ந்த பிறகு அவள் கிழங்கைக் கழுவினாள். தாய்க்கிழங்கு சுருங்கிப் போயிருந்தது. அதன் இடுப்பில் சுண்டுவிரல் நகமளவு ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் அடுத்தவன் வயல். தாயின் நோய் குட்டிக்கும் இருக்கும், அதற்கும் இடம் வாளிதான். வாளி வரை போன கை திரும்பி வந்தது.

ஜன்னல் சல்லாத்திரையை ஒரு முழம் வெட்டினாள். குட்டியைத் தொட்டியில் நட்டு, அசுவினி உள்ளே வராமலும் வெளியே போகாமலும் திரையை இறுக்கிக் கட்டி, அவன் கட்டிலுக்கெதிரே வைத்தாள்.

"பூக்க எத்தன வருஷம்?" என்றான்.

அவள் திரையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். "மூணு. நாலும் ஆகலாம்."

லூபர்ட் தொட்டியைப் பார்த்தான். வெறும் மண்தான் தெரிந்தது.

"சரி, டாக்டர்கிட்ட சொல்லிடு. எனக்கு நாலு வருஷம் காவல் வேல இருக்கு. அந்தக் கைய நம்ப முடியாது. இங்க கொடு."

நேல்ச்சே வலது கையை அவன் கைக்குள் வைத்தாள்.