துணைப்பொருட்கள்: வழக்கம்போல்

"செத்துப்போச்சு," என்றார் சியூ.

சமையலறையில் பாகற்காய் அரிந்துகொண்டிருந்த பி-யுன் கத்தியை நிறுத்தவில்லை. "யாரு?"

"போர்டு. மறுபடியும்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. செத்தது எப்படிங்க திரும்பத் திரும்பச் சாகும்?"

"அரை மணி நேரம் ஓடுது. அப்புறம் திடீர்னு அணைஞ்சுடுது. ஆறவிட்டு மறுபடி போட்டா உயிர் வருது. மறுபடி அரை மணி நேரம்."

"எங்க அத்தையும் கடைசிக் காலத்துல அப்படித்தான் இருந்தா," என்றாள் பி-யுன். "நாங்க யாரும் அவளைக் குறை சொல்லி எழுதல."

சியூ சிரிக்கவில்லை. சோதனை அறையிலிருந்து வெளியே வந்து, வியர்வையில் ஒட்டிய பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி நின்றார். தைபேயில் ஜூலை மாதம். அந்த அறையின் ஜன்னல்கள் மூடியே இருக்கும், ஏசி ஓடாது, மேசை விசிறிக்கும் உள்ளே இடமில்லை. காற்று வந்தால் கணக்கு பொய் சொல்லும் என்பது அவருடைய சட்டம். எல்லா மதர்போர்டுக்கும் ஒரே அறை, ஒரே சூடு, ஒரே தண்ணீர்க் குழாய். மற்றவர்கள் பிராசஸரின் தலையில் காற்றாடி வைத்துக் குளிர்விப்பார்கள். சியூ தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

பாதே ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் அவர் வார்த்தையைக் கேட்டுத்தான் சரக்கு எடுப்பார்கள். தன் இணையப் பக்கத்தில் 'வாங்கலாம்' என்று அவர் எழுதினால் அதை அச்செடுத்து ஷட்டரில் ஒட்டுவார்கள். 'வேண்டாம்' என்று எழுதினால் அந்தப் பெட்டி கடையின் பின்கட்டுக்குப் போய்விடும். இப்போது மேசையில் கிடந்தது சாதாரண போர்டு அல்ல. கன்னங்கரேலென்று, மேலே செம்புக் குழாய் வளைந்தோட, ஒரு மாத வாடகையை விழுங்கும் விலையில் வரப்போவது. நாளை மதியம் முதல் அதைப் பற்றி எழுதலாம் என்று கம்பெனி நேரம் குறித்திருந்தது.

எழுதப்போவது என்ன என்று கேட்க பி-யுனுக்கு வாய் வரவில்லை. அந்தச் செம்புக் குழாயை வளைத்தவன் மெங்-ஜே. அவர்கள் மகள் ஜு-பிங் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருப்பவன்.

"வேண்டாம்னுதான் எழுதணும்," என்றார் சியூ, அவள் கேட்காமலேயே.

"பையனோட முதல் போர்டுங்க."

"என் சொந்தப் பையனா இருந்தாலும் அதான். காசு குடுத்து வாங்குறவன் யாரோட மாப்பிள்ளை?"

"பச்சைப் பொட்டலம் வச்சீங்களா?"

"வச்சேன்."

பி-யுன் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். மின்பெட்டியின் மேல் தேங்காய்ச் சோளப்பொரி பச்சைப் பொட்டலம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தைவானில் ஆஸ்பத்திரியானாலும் பாங்க் ஆனாலும் இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அதன் தலையில் அது இருந்தாக வேண்டும். இருந்தால்தான் இயந்திரம் சொன்னபடி கேட்கும். பச்சையாக இருக்க வேண்டும், யாரும் தின்னக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. பி-யுன் அதைத் திருப்பினாள்.

"தேதி போன மாசமே முடிஞ்சுடுச்சு."

"அதனாலதான் போர்டு அணையுதுன்னு எழுதவா?"

"எழுதாதீங்க. நான் போய்ப் புதுசு வாங்கிட்டு வர்றேன்."

ஜு-பிங் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்."

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா? செஞ்சவர்தானே அவரு?"

"சோதிக்கிறவன் செஞ்சவன்கிட்ட போய்க் கேக்குறதுக்குப் பேரு சோதனையா? அதோட அவன்கிட்ட எதைக் கேக்குறது? ஞாயித்துக்கிழமை வந்து என்ன பேசினான், சொல்லு பாப்போம்."

ஜு-பிங் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். சொல்ல அதிகம் இல்லை. முதல் முறையாக வீட்டுக்கு வந்த மெங்-ஜே பழக்கூடையை இரண்டு கையாலும் நீட்டினான். சோதனை மேசையின் முன்னால் நீண்ட நேரம் நின்றான். வாயைத் திறந்தான், மூடினான். பிறகு, "அங்கிள், ரூம் கொஞ்சம் சூடா இருக்குல்ல?" என்றான். "இருக்கணும்," என்றார் சியூ. "தண்ணிக் குழாய் போட்டிருக்கீங்க. ரொம்ப நல்லா இருக்கு அங்கிள்." "ம்." "பெட்டியில எல்லாம் ஒழுங்கா வந்துச்சா அங்கிள்?" "வந்துச்சு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு இறால் உரித்துத் தின்றான், எல்லார் கிண்ணத்திலும் சூப் ஊற்றினான், வணங்கிவிட்டுப் போனான்.

"வெயிலு, பெட்டி," என்றார் சியூ. "தபால்காரன்கூட என்கிட்ட அதைவிட அதிகமாப் பேசுறான்."

ஜு-பிங் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பி-யுன் குடையையும் பர்ஸையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பொட்டலம் ஒரு சாக்கு. வீட்டுக்குள் கணவர் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் உறுமிக்கொண்டிருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும். நாளை 'வேண்டாம்' என்று வந்துவிட்டால், அந்த வார்த்தை ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும் மேசையில் ஒரு தட்டு போல உட்கார்ந்திருக்கும். இந்தக் கல்யாணம் நடந்தாலும் இருக்கும். நடக்காவிட்டாலோ, நினைக்கவே பிடிக்கவில்லை.

மூலைக்கடையில் பச்சைப் பொட்டலத்தை வாங்கித் தேதி பார்த்துவிட்டுத் திரும்பினால், மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டர் ஒன்றின் மேல் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மெங்-ஜே உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா இங்க? மேல வர்றதுதானே?"

அவன் துள்ளி இறங்கினான். "ஆன்ட்டி, வணக்கம். ஜு-பிங் வரச் சொன்னா. அப்புறம் வராதேன்னு சொல்லிட்டா. அதான் நடுவுல நிக்கிறேன்."

"உன் போர்டு மூணு தடவை அணைஞ்சு போச்சு. எங்க வீட்டுக் கிழட்டுக் குரங்கு நாளைக்கு வேண்டாம்னு எழுதப் போறார்."

ஹெல்மெட்டுக்குள் அவன் முகம் வெளுத்தது. "அங்கிள் இன்னும் அந்தச் சின்னக் காத்தாடியை மாட்டலையா?"

"எந்தக் காத்தாடி?"

"துணைப்பொருள் பெட்டியில இருக்குமே ஆன்ட்டி. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். சாதாரணமா பிராசஸர் காத்தாடி வீசுற காத்துலயே பக்கத்துல செம்புக் குழாயோட இருக்கிற செம்புத் தகடும் ஆறிடும். தண்ணி வைக்கிறவங்களுக்கு அந்தக் காத்து கிடைக்காதுல்ல? அவங்களுக்குன்னே அதை வச்சோம். இல்லன்னா தகடு கொதிச்சு, போர்டு தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுடும்."

பி-யுன் அவனையே பார்த்தாள். "இது உனக்கு ஞாயித்துக்கிழமையே தெரியுமா?"

"பார்த்த உடனே தெரிஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே ஆன்ட்டி," என்றான் பரிதாபமாக. "ரூம் சூடா இருக்குன்னு சொன்னேன். தண்ணிக் குழாய் பத்திச் சொன்னேன். பெட்டியைப் பத்தியும் கேட்டேன்."

பி-யுனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு வீட்டுக்கு முதல் தடவை போறேன்," என்றான் அவன். "நீங்க தப்பா மாட்டியிருக்கீங்க அங்கிள்னு எப்படிச் சொல்றது? அதுவும் சியூ அங்கிள்கிட்ட. காலேஜ்ல நாங்க அவர் எழுதினதைப் படிச்சுத்தான் போர்டுன்னா என்னன்னே கத்துக்கிட்டோம். அவருக்குத் தெரியாம இருக்குமா, வேணும்னேதான் மாட்டலையோன்னு நினைச்சேன்."

"வேணும்னே ஒண்ணும் இல்ல. அந்தப் பெட்டியை அவர் தொடுறதே கிடையாது. போர்டை எடுத்துக்கிட்டு மிச்சத்தை என்கிட்ட தள்ளிடுவார். வயரைக் கட்டுற பட்டையிலதான் நான் வெங்காயத்தாள் கட்டி வைக்கிறேன்."

"ஆனா எழுதுவாரே ஆன்ட்டி. கடைசி வரியில, 'துணைப்பொருட்கள்: வழக்கம்போல்'னு."

"ஆமா. வழக்கம்போல் என் அலமாரி மேல."

மெங்-ஜே ஹெல்மெட் வாரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நீங்களே சொல்லிடுங்க ஆன்ட்டி. நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம்."

சொல்லலாம்தான். மேலே போய், அலமாரியைத் துடைத்தபோது விழுந்ததாக ஒரு கதை சொன்னால் போதும். அவர் முகமும் தப்பும், போர்டும் தப்பும். பி-யுன் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

"நான் சொன்னா இன்னிக்குத் தப்பிச்சுடுவே," என்றாள். "அப்புறம் ஆயுசு பூரா அந்த மனுஷன்கிட்ட வெயிலைப் பத்தியே பேசிட்டிருப்பே. என் பொண்ணு நடுவுல நின்னு மொழிபெயர்த்துக்கிட்டு இருப்பா. அது வேண்டாம். ஹெல்மெட்டைக் கழட்டு."

மேலே சியூ கணினியின் முன் உட்கார்ந்து 'வேண்டாம்' பக்கத்தின் முதல் பாராவை ஆரம்பித்திருந்தார். பின்னால் வந்து நின்றவனைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள், வணக்கம். இன்னிக்கு..."

"வெயிலா?"

மெங்-ஜேயின் காது சிவந்தது. ஜு-பிங்கின் அறைக் கதவு லேசாகத் திறந்தது. பி-யுன் அவன் முதுகில் பொட்டலத்தால் ஒரு குத்து குத்தினாள்.

"அங்கிள், நீங்க பெட்டியைத் திறக்கல."

"எந்தப் பெட்டி?"

"துணைப்பொருள் பெட்டி. அதுல ஒரு காத்தாடி இருக்கு. தண்ணி வைக்கிறவங்க அதை மாட்டியே ஆகணும். மாட்டலன்னா அணையத்தான் செய்யும். தப்பு போர்டு மேல இல்ல."

பி-யுன் நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரியின் மேல் குளிர்கால ரஜாய்க்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்தாள். ஒட்டிய முத்திரை அப்படியே இருந்தது. சியூ அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு நகத்தால் கிழித்தார்.

ஒட்டுப்படங்கள் வந்தன. கம்பெனிப் பெயர் போட்ட துணிப்பை வந்தது. தட்டையான வயர்கள், குட்டி ஆன்டெனா, பின்பக்கத் தகடு, மடித்து மடித்து வைத்த கனத்த புத்தகம். எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன பிளாஸ்டிக் உறையில், காற்றாடி. கூட ஒரு துண்டுச் சீட்டு. சியூ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதைப் படித்தார்.

"நான் எல்லா போர்டையும் ஒரே மாதிரிதான் சோதிக்கிறேன்," என்றார். "இதுக்கு மட்டும் காத்தாடி வச்சா மத்தவன் கேக்க மாட்டானா?"

"மத்தவங்க பெட்டியில அது வரல அங்கிள். இதுல வருது. வாங்குறவர் பெட்டிக்குத்தானே காசு குடுக்கிறார்? பெட்டியில வர்றது எல்லாமே போர்டுதான்."

சியூ சீட்டை மேசையில் வைத்தார். காற்றாடியைச் செம்புத் தகட்டின் மேல் தானே அழுத்திப் பொருத்தி, விசையைத் தட்டினார். சாப்பாட்டு மேசையை விட்டுவிட்டு எல்லோரும் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி சோதனை அறை வாசலிலேயே நின்று சாப்பிட்டார்கள். அரை மணி கடந்தது. அது ஓடியது. பாகற்காய் சூப் ஆறிப்போயிற்று. அது ஓடிக்கொண்டே இருந்தது. சியூ வேகத்தை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். அவர் கண்ணில் பி-யுனுக்குத் தெரிந்த ஒரு வெளிச்சம் வந்தது. நல்ல போர்டு கைக்குக் கிடைத்தால் மட்டும் வருகிற வெளிச்சம்.

"நல்லா வளைச்சிருக்கே," என்றார் செம்புக் குழாயைப் பார்த்து. பையனைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். "ஞாயித்துக்கிழமையே உனக்குத் தெரியும்."

"தெரியும் அங்கிள்."

"தெரிஞ்சும் இறால் உரிச்சுத் தின்னுட்டுப் போனே."

"ஆமா அங்கிள்."

"இவ்வளவு முக்கியமானதை ஒட்டுப்படத்துக்கு அடியில எவன் வைப்பான்? மேலேயே வச்சிருக்க வேண்டாமா?"

"மீட்டிங்ல சொல்லணும்னு இருந்தேன் அங்கிள்."

"அங்கயும் வெயிலைப் பத்திப் பேசினியா?"

ஜு-பிங் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சியூ கணினிக்குப் போய் முதல் பாராவை அழித்தார். தட்டிக்கொண்டே உரக்கப் படித்தார். போர்டு: வாங்கலாம், சந்தேகமில்லாமல். வழக்கமான அந்தக் கடைசி வரிக்கு வந்தபோது நிறுத்தி, அதையும் அழித்தார். "துணைப்பொருட்களுக்கு மதிப்பெண் பாதிதான்," என்றார். "கட்டாயம் மாட்ட வேண்டியதை அடியில ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு எழுதப் போறேன். ஆபீஸ்ல உனக்குத் திட்டு விழும். எழுதவா, வேண்டாமா?"

பி-யுன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவன் "உங்க இஷ்டம் அங்கிள்" என்று சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"எழுதுங்க," என்றான் மெங்-ஜே. "உண்மைதானே. ஆனா நீங்க அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லன்னும் எழுதணும். அப்பத்தான் கணக்கு நேரா இருக்கும்."

ஜு-பிங்கின் கையிலிருந்து சாப்பிடும் குச்சி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. சியூ நாற்காலியை முழுக்கத் திருப்பி, அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அந்த வீட்டில் அவரிடம் யாரும் இப்படிப் பேசியதில்லை, பி-யுனைத் தவிர.

அவர் மெல்லத் திரும்பி ஒரு விரலால் தட்டினார். 'முதல் மூன்று சோதனைகளில் போர்டு அணைந்தது. காரணம், சோதித்தவர் பெட்டியைத் திறக்கவில்லை.' தட்டிவிட்டுப் பக்கத்து முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டார்.

"உக்காரு. போதுமா?"

மெங்-ஜே முக்காலியின் நுனியில் உட்கார்ந்து திரையை நெருங்கிப் பார்த்தான். "போதும் அங்கிள். ஆனா மேல இருந்து நாலாவது வரி... அந்த வோல்ட் கணக்கு தப்பு."

"எது தப்பு?"

"அதுவும், அதுக்கு அடுத்ததும். அப்புறம் அந்தக் காத்தாடியைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. ஓடும், ஆனா காத்து மேல போகுது. நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

சியூ கண்ணாடியைக் கழற்றினார்.

"பி-யுன்," என்றார், "இவன் வாயைத் திறந்துவிட்டது யாரு?"

"நான்தான்," என்றாள் அவள், குச்சியைப் பொறுக்கிக்கொண்டே. "இனிமே மூட முடியாது. நீங்க எந்திரிச்சுப் போய் அதைத் திருப்பி மாட்டுங்க."