ஒரு கீறல்கூட இல்லை

எங்கள் வீட்டில் நான்கு பேர்: வண்டி, அப்பா, அம்மா, நான். மரியாதையும் இதே வரிசையில்தான்.

அப்பா ஒரு முதலாளிக்கு வாழ்நாள் முழுக்கக் கார் ஓட்டியவர். முதலாளி புதுக் கார் வாங்கியதும் பழையதை இரும்புக் கடைக்குத் தள்ளிவிடப் பார்த்தார். அப்பா தன் ஓய்வுப் பணம் மொத்தத்தையும் நீட்டி அதை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். நான் கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். "பாப்பா, ஹாரன் அடிச்சுப் பாரு" என்றார். ஆகவே எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியை உருவாக்கியது, தையல் கடை வைத்திருந்த அம்மாவின் கட்டிங் மேசைதான். ஊரார் சட்டைத் துணிகளை அதன்மேல் விரித்து வெட்டி வெட்டியே என்னை இயற்பியல் படிக்கவைத்தாள்.

வண்டியைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். அது அழகு. முட்டை ஓடுபோல வளைந்த கூரை, மழையில் நனைந்த இலையின் பச்சை. தொழிற்சாலையில் அடித்த அதே பெயிண்ட். அந்தப் பச்சை இப்போது எந்தக் கடையிலும் கிடையாது. அம்மா அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். அப்பா எங்கே என்று கேட்டால், "சக்களத்திக்கு முதுகு தேய்ச்சு விடுறார்" என்று பதில் வரும்.

எனக்கு வேறு ஊரில், ஒரு ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்னறை தெருவைப் பார்த்திருந்தது. அம்மா அதைப் போய்ப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தாள், அந்தத் தெருவிலிருந்த பள்ளிக்கூடத்துக்குள் போய்ச் சீருடை ஆர்டரோடு வெளியே வந்தாள். "நானும் வர்றேன். கடையை இங்க போடுறேன்."

அப்பா வர மறுத்துவிட்டார். அங்கே ஷெட் இல்லையாம்.

"வெயில்ல நின்னா பெயிண்ட் செத்துடும் பாப்பா."

"அப்ப நாங்க ரெண்டு பேரு?"

"நீங்க வீட்டுக்குள்ளதானே இருக்கப் போறீங்க?"

கதவை அடித்துச் சாத்தினேன். வண்டியின் கதவை இல்லை. அதற்கு எனக்கு உரிமை கிடையாது.

அடுத்த சிக்கல் கட்டிங் மேசை. கதவு அளவு நீளம், நான்கு கால்களும் அடித்து இறுக்கியவை, கழற்ற வராது. அது இல்லாமல் சீருடை வெட்ட முடியாது. வாடகை வேன் பேசலாம் என்றேன். அப்பா குதித்தார்.

"நான் டிரைவர். என் பொண்டாட்டி சாமான் வாடகை வண்டியில போகுமா?"

"சரி, நம்ம வண்டியில கேரியர் மாட்டுங்க."

"கேரியரா? அவ தலையிலயா?"

வேனும் கூடாது, கேரியரும் கூடாது. மேசை போகாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் அம்மா எங்கும் போகமாட்டாள். பெயிண்டைக் காரணம் காட்டி மனிதர் வேறெதையோ காத்துக்கொண்டிருந்தார். அம்மா கத்தரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு அவ்வளவு நிதானம் கிடையாது. முதலில் கத்தினேன். பிறகு, கூரைக் கேரியர் பழைய கார்களின் பெயிண்டை எப்படியெல்லாம் கெடுக்கும் என்று கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

ஞாயிறு காலை, நான் வரச்சொல்லியிருந்த மெக்கானிக் மாமா கேரியரோடு வந்தார். அப்பாவோடு சேர்ந்து இந்த வண்டிக்குள் தலையை விட்டு வளர்ந்தவர்.

அப்பா கேரியரின் கால்களைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தார். "ரப்பரே இல்ல. வெறும் இரும்பு."

"புது ரப்பர் வெட்டி வச்சிருக்கேன்" என்றேன்.

"கறுப்பு ரப்பரா? கறை பிடிக்கும்."

"அதுக்குக் கீழ இந்தக் கண்ணாடித்தாள் மாதிரி ஸ்டிக்கர். பெயிண்டுக்குன்னே விக்கிறாங்க."

"உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வந்தா?"

"வெந்நீர்த் துணி போட்டு இளக்கி உரிப்பேன்."

"நடுவுல தூசி மாட்டினா? ஒரு மணல் போதும், உப்புத்தாள் மாதிரி அறுத்துடும்."

"அதனாலதான் முதல்ல கழுவப் போறோம்."

"டிகிரி வாங்கினது கார் கழுவவா?"

"நீங்கதானேப்பா டிகிரிக்குப் பதிலா கார் வாங்கினீங்க."

மெக்கானிக் மாமா டயரில் ஏதோ இருப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

கூரையைக் கழுவினேன். ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிந்தோட ஒரு மடிப்பு உண்டு. கேரியரின் கால்கள் அதில்தான் உட்காரும். அதற்குள் பழைய பல்துலக்கியை விட்டுச் சேறெடுத்து, ஈரம் போகத் துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, ரப்பர் வைத்து, கால்களைப் பதமாக இறுக்கினோம். மாமா ஒரு திருகு அதிகம் திருகியபோது அப்பா தன் விரலே நசுங்கியதுபோல "ஆ" என்றார்.

மேசையைத் தூக்கப் போகும்போது அப்பா குறுக்கே நின்றார்.

"பெல்ட்டைக் கழட்டு."

"எதுக்குண்ணே?" மாமா திகைத்தார்.

"வண்டிமேல சாஞ்சுதானே தூக்குவே? பக்கிள் தேய்க்கும்."

"கழட்டினா பேன்ட் நிக்காதுண்ணே."

"பெயிண்ட் நிக்கணும்ல?"

அதை நான் எங்கேயும் படித்திருக்கவில்லை. ஆனால் சரிதான். என் கைக்கடிகாரம் போனது, அம்மாவின் வளையல்கள் போயின, மாமாவின் பெல்ட் போனது. அவர் ஒரு கையால் மேசையையும் மறு கையால் மானத்தையும் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா தையல் வேலையில் மிஞ்சிய ரோஸ் நிற நாடாவை எடுத்து வந்து, "திரும்புங்கண்ணே" என்று இடுப்பில் கோத்துப் பின்னால் பூமுடிச்சுப் போட்டுவிட்டாள்.

"இப்படியே எப்படி ஒர்க்‌ஷாப்புக்குப் போறது?"

"பின்பக்கமா நடந்து போங்க."

மேசை மேலே ஏறிக் கவிழ்ந்து படுத்தது. பட்டையான நாடாக்களால் கட்டினேன். காற்றில் படபடத்துக் கூரையை அறையாமலிருக்க ஒவ்வொன்றையும் ஒரு முறுக்கு முறுக்கினேன். தொங்கிய முனைகளை மேசைக் காலில் சுற்றி முடிந்தேன். அப்பா சுற்றிச் சுற்றி வந்தார். ஏதாவது சொல்ல வாய் திறந்தார். அதற்கு என்னிடம் பதில் இருப்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"மழை வந்தா?" என்றார் கடைசியாக.

"மேசைதான் நனையும்."

வழக்கில் தோற்றவர்போல வண்டியில் ஏறினார்.

அந்தப் பயணத்தைப் பயணம் என்று சொல்ல முடியாது, ஊர்வலம். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப்போய், பாவம் பழுதான வண்டியோ என்று திரும்பிப் பார்த்தார். அப்பா கண்ட மரத்தடியில் எல்லாம் நிறுத்தினார், இறங்கினார், கேரியரின் காலடியில் விரல் விட்டுப் பார்த்தார், ஏறினார். ஓட்டும்போதும் அம்மா பக்கம் திரும்பித் திரும்பி ஜன்னல் வழியாக மேலே பார்த்தார்.

"கல்யாணமான புதுசுல கூட நீங்க இவ்வளவு தடவை இந்தப் பக்கம் திரும்பினதில்ல" என்றாள் முன்சீட்டில் இருந்த அம்மா.

"நான் நாடாவைப் பார்க்கிறேன்."

"தெரியும். அதான் சொல்றேன்."

போய்ச் சேர்ந்ததும் தெருவில் போன இருவரைப் பிடித்து மேசையை இறக்கினோம். அப்பா அவர்களிடமும் பெல்ட்டைப் பற்றிக் கேட்டார். நல்லவேளை, ஒருவர் போட்டிருக்கவில்லை. மற்றவர் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். மேசை முன்னறைக்குப் போனது. அம்மா அதன்பின்னாலேயே போனாள்.

நான் கேரியரைக் கழற்றி, வெந்நீர்த் துணி வைத்து, ஸ்டிக்கரை மெல்ல மெல்ல உரித்தேன். அடியில் பச்சை பளபளவென்று இருந்தது.

"ஒரு கீறல்கூட இல்லை!" என்றேன். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை.

அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். உள்ளங்கையால் தடவினார்.

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"பின்னங்கால் பக்கம்?"

"அங்கயும் இல்ல."

"இங்க கொஞ்சம் மங்கின மாதிரி தெரியல?"

"அது உங்க நிழல்ப்பா."

நகர்ந்து பார்த்தார். நிழலும் நகர்ந்தது. அவர் முகம் வாடியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கீறல் இல்லையே என்று வருத்தப்படுகிற மனிதர்!

"இருந்திருந்தா," என்றார் கூரையைப் பார்த்தபடி, "ரெண்டு நாள் இங்கயே தங்கி, தேய்ச்சு, பாலிஷ் போட்டு… விட்டுட்டுப் போக முடியாதில்ல."

"தங்கணும்னா தங்குறேன்னு சொல்லுங்களேன்! அதுக்கு எதுக்கு ஒரு கீறல்?"

"ஷெட் இல்லையே பாப்பா."

மறுபடியும் ஷெட்! நாலு தகரத்துக்காக, கட்டிய மனைவியை வேறு ஊரில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிற மனிதரை என்ன செய்வது? வீட்டுச் சாவி என் கையில்தான் இருந்தது. அவர் தங்க ஒரு கீறல்தானே வேண்டும், நல்ல நீளமாக நானே போட்டுத் தருகிறேன் என்று ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

"தள்ளு" என்று அம்மா நடுவே வந்தாள். கழுத்தில் டேப், காதில் சாக்கட்டி. நேராக வண்டியிடம் போய் அதன் மூக்கில் டேப்பை வைத்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றேன்.

"அளவெடுக்கிறேன். ஷெட் இல்லைன்னா சட்டை போட்டுக்கிட்டு நிக்கட்டும்."

"ஏய், டேப் நுனியில தகடு இருக்கு!" அப்பா பாய்ந்தார்.

"அப்ப நீங்க பிடிங்க."

அவர் அந்தத் தகட்டு முனையை விரல்களுக்குள் மூடிக்கொண்டு, கையை மட்டும் பெயிண்டில் வைத்துப் பிடித்தார். அம்மா கூரைவழியாகப் பின்பக்கம் வரை டேப்பை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடந்தாள்; அவரும் கூடவே நகர்ந்தார். நான் சாவியைப் பைக்குள் போட்டேன்.

"பட்டன் கூடாது" என்றார் அப்பா.

"வைக்கல."

"ஜிப்பும் கூடாது. உள்பக்கம் மெத்துன்னு பருத்தித் துணி."

"சரி."

"சும்மா போர்த்தினா ஆகாது. உள்ள தூசி இருந்தா அதுவே தேய்க்கும். தினம் காலையில எடுத்து, கழுவி, துடைச்சு, காயவிட்டுத்தான் போர்த்தணும்."

"யாரு கழுவுவாங்க?" அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. "இவளுக்கு வேலை இருக்கு. எனக்குச் சீருடை இருக்கு."

அப்பா டேப்பின் முனையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நான்தான் கழுவணும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அப்ப டிக்கியில இருக்கிற உங்க பையை உள்ள கொண்டுபோய் வைங்க."

"டேப்பைப் பிடிச்சிருக்கேனே."

"அளவெடுத்து முடிச்சதும் வைங்க. ஒண்ணு சொல்லிடுறேன், பிள்ளைங்க சீருடைதான் முதல்ல. வண்டி வரிசையில நிக்கட்டும்."

அம்மா என்னைச் சுவரில் எழுதிக்கொள்ளச் சொல்லிச் சாக்கட்டியைத் தூக்கிப் போட்டாள். நீளம் சொன்னாள், தோள் சொன்னாள், இடையில் டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"சக்களத்திக்கு இடுப்புன்னு ஒண்ணே இல்ல."

"மெதுவாப் பேசு" என்றார் அப்பா, கையை எடுக்காமல். "அவளுக்குக் கேக்கும்."