உமி

பேராயரின் நினைவு ஆராதனை நான்கு மணிக்கு. இரண்டு மணிக்கே அவருடைய மனைவி மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் ஒலி அறைக்கு வந்துவிட்டார். கையில் அதே துணிப்பை, அதற்குள் அதே வெந்நீர் பிளாஸ்க். பிரசங்கத்தின் நடுவே ஐயா இருமத் தொடங்கினால் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து போய், மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வருவார். ஆள் போய் ஆறு வாரமாகியும் பிளாஸ்க்கை விடவில்லை.

"போடுப்பா. எல்லாரும் கேக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவ கேட்டுக்கறேன்."

பெருமையோடு ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஐயாவின் கடைசி ஏழு வருடப் பிரசங்கங்கள். இருமல், திணறல், சொல் வராமல் நின்ற இடம் எல்லாவற்றையும் நறுக்கி எடுத்திருந்தேன். சபைச் செயலாளர் கேட்டுவிட்டு முதுகில் தட்டியிருந்தார். "ஐயா ஒரு மணி நேரம் பேசினா அரை மணி இருமல்தான். அதையே எடுத்துட்டியே! பரலோகத்துல உனக்கு மாடி ரூம்டா தம்பி!"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

"யாருப்பா இது?"

"ஐயாதாம்மா."

"இவரு மூச்சே விடலியே."

"சுத்தம் பண்ணியிருக்கேம்மா."

"மூச்சு விடாம படுத்திருந்ததத்தான் பெட்டியில பாத்தாச்சே. இங்கயும் அப்படித்தானா?" குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பழசு இருக்கில்ல? அவரு பேசினபடியே?"

இல்லை. கணினியில் இடம் போதவில்லை என்று மூலப் பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தவன் நானே. சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவர் குரல் எனக்கு மறந்துக்கிட்டே வருதுப்பா. இங்க வந்தா கெடைக்கும்னு நெனச்சேன்."

அவர் போனதும் தலையில் அடித்துக்கொண்டேன். கல்யாண வீடியோக்காரருக்குப் போன் போட்டேன். ஐயாவின் ஆசீர்வாதத்தின்மேல் பாட்டைப் போட்டு மூடியிருந்தார். பாடகர் குழுத் தலைவியின் போனில் குழு பாடியது மட்டும்தான் இருந்தது. மணி மூன்றரை.

அப்போதுதான் உமி நினைவுக்கு வந்தது. தவறிப்போய் நல்ல சொல் ஏதும் போய்விடக் கூடாதென்று, நறுக்கிய துண்டுகளை 'உமி' என்ற பெயரில் தனியே போட்டு வைப்பேன். மாதக் கடைசியில் காலி செய்துவிடுவேன். ஐயா இறந்த மாதம் காலி செய்தேனா? நினைவில்லை. திறந்தேன்.

நாற்பத்து மூன்று துண்டுகள். கடைசிப் பிரசங்கத்தின் உமி. அவற்றை ஒட்டி முடிக்கும்போதே மேலே மணி அடித்துவிட்டது. கேட்டுப் பார்க்க நேரமில்லை.

செயலாளர், ஐயா கட்டிய பள்ளிகளைச் சொன்னார், மருத்துவமனையைச் சொன்னார், தங்குதடையில்லாத பேச்சு என்றார். "இப்போது ஐயாவின் குரலைக் கேட்போம்."

உமியை அழுத்தினேன்.

ஒலிபெருக்கியில் ஓர் இருமல். இழுத்த மூச்சு. தாள் புரளும் சத்தம். மறுபடி இருமல். யாரோ சிரித்தார்கள். செயலாளர் ஓடிவந்து கதவைத் தள்ளினார். "டேய், என்னத்தடா போட்டே? மானம் போகுது, நிறுத்துடா!"

நான் நிறுத்தவில்லை. சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியே பார்த்தேன்.

மூன்றாவது இருமலுக்கு அம்மா எழுந்தார். எப்போதும்போல் நடந்தார், படியேறினார், பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினார். பிரசங்க மேடையில் ஆள் இல்லாத இடத்தை நோக்கி நீட்டினார்.

வாங்கிக்கொள்ளக் கை இல்லை.

சபையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆண்டவரே, என்ன செய்துவிட்டேன்! ஓடிப்போய் அதை வாங்கிக் குடித்துவிடலாமா என்று தோன்றியது. ஒலிபெருக்கியில் மூச்சு. "அது வந்து... அது..." இருமல். பிறகு வெறும் மௌனம். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது.

அப்போது, மைக்கைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவதுபோல் மெல்ல:

"போதும்மா. போய் உக்காரு."

அதையும் நானே நறுக்கியிருக்கிறேன்.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சொல்லுக்கு அவர் திரும்பி நடந்து போய் உட்கார்ந்திருக்கிறார். இன்று உட்காரவில்லை. ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். வெந்நீர் விரலில் வழிந்தது. பிறகு என் ஜன்னலைத் தேடினார்.

"இன்னொரு தடவ, தம்பி." மேடை மைக் அதைச் சபை முழுவதற்கும் சொன்னது.

செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் அழுத்தினேன்.