பாதிச் சொல்

என் புருஷன் பெலெனாத்தோவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. வாயில் மிஞ்சியது ஒரே சொல்: "துசி." எங்கள் சமோவா மொழியில் எழுத்தும் துசி, கடிதமும் துசி, புத்தகமும் துசி. ஆளாளுக்கு ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்து அவர் ஓயவில்லை. "துசி, துசி." போதகர் வந்து வேதாகமத்தைக் கையில் வைத்தார். தள்ளிவிட்டார். கொழுந்தன் எசேலு காகிதமும் பேனாவும் கொண்டுவந்தான்.

"கடைசியா என்னமோ எழுதணும்ங்கறாரு, அண்ணி."

அவர் இடது கையால் பேனாவை வாங்கி, காகிதம் கிழிய வெடுக்கென்று ஒரு கோடு இழுத்துவிட்டு வீசினார். கண்ணில் தண்ணீர்.

"எழுதவும் வரல, பாவம்" என்றான் எசேலு. போதகர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறார்கள்.

எசேலு பின்கட்டுக்குப் போனான். கல்லைச் சுடவைத்துச் சமைக்கிற ஞாயிறு உமு அடுப்பை மூட்டுவது இருபது வருஷமாக இவர் வேலை. மூன்று மாதமாக அவன் வேலை. கல்லும் விறகும் அடுக்கிவிட்டுக் கத்தினான்:

"அண்ணி, அஃபிதுசி எங்க வச்சீங்க?"

தீக்குச்சியைத்தான் கேட்டான். அஃபி என்றால் தீ. முதன்முதலில் குச்சியை உரசிப் பார்த்த எங்கள் ஆட்களுக்கு அது தீயால் எழுதுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். கிழிந்த காகிதத்தைப் பார்த்தேன். அப்படி வெடுக்கென்று இழுத்து யாரும் கடிதம் எழுதுவதில்லை. நான் ஒரு மக்கு. அஃபிதுசியில் இவருக்குத் தீ மறந்து எழுத்து மட்டும் நின்றிருக்கிறது.

"எந்திரிங்க, போவோம்" என்றேன்.

எசேலு வழிமறித்தான். "ஒத்தக் கையால எப்படிப் பத்த வைப்பாரு? விழுந்துகிழுந்து வச்சா?"

"விழுந்தா தூக்கு. அதுக்குத்தானே நீ இருக்க?"

நான் தீப்பெட்டியை எடுத்துவந்து பிடித்துக்கொண்டேன், அவர் இடது கையால் உரசினார். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. போதகர் வாயைத் திறந்தார், நான் முறைத்தேன், மூடிக்கொண்டார். மூன்றாவது குச்சி பிடித்தது. நான் நீட்டிய அந்தக் கிழிந்த காகிதத்தில் வைத்து, தேங்காய்நார்க்கடியில் செருகினார். புகை எழுந்தது.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது சொல் வந்தது.

"அஃபி" என்றார்.