அன்னப் பேனையும் ஆறாம் வரியும்

புதன்கிழமைகளில் லண்டன் ஏஞ்சல் பகுதியில் உள்ள கந்தோரின் மூன்று மாடிகளையும் கூட்டித் துடைத்து முடிக்கக் காலை ஒன்பதரை ஆகிவிடும். கூட வேலை செய்யும் பெண்கள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். தவமலர் மூன்று கிழமையாக ஓடவில்லை. பின்சந்தில் புதன்தோறும் கூடும் பழஞ்சாமான் சந்தைக்குப் போய், ஒரே கடையின் முன்னால் நின்றுவிட்டு வந்தாள். நாலாவது கிழமை, 1993 தை மாதக் குளிரில், கையுறையைக் கழற்றி விரலை நீட்டினாள்.

"அதைக் காட்டுங்கள்."

கடைக்காரன் தடித்த வெள்ளைக்காரன். தட்டில் நாற்பது பேனைகளை வரிசையாகப் படுக்க வைத்திருந்தான். அவள் காட்டியது கறுப்புப் பேனை. மூடியில் சின்னதாக ஓர் அன்னம்.

"அது உனக்குச் சரிவராது, டியர்."

"ஏன்?"

"ஐம்பத்தைந்து வருஷப் பேனை. உள்ளே மை நிரம்பும் ரப்பர் பை புதிசு, நானே மாற்றினேன். ஆனால் நிப் பழுது. முன்பு வைத்திருந்தவர் எழுதியெழுதி இளக்கிவிட்டார். கொஞ்சம் அழுத்தினாலே விரிகிறது. வருகிறவர்கள் இரண்டு வரி எழுதிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்கிறார்கள்." அவன் பார்வை அவளுடைய மேலங்கிக்குள் தெரிந்த வேலைச் சட்டையில் நின்றது. "உனக்குத் தேவை ஒரு நல்ல குமிழ்முனை. அந்தப் பெட்டியில் மலிவாக இருக்கிறது."

தவமலர் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எழுதிப் பார்க்கலாமா?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டு மைப்போத்தலைத் திறந்து, எழுதிப் பார்க்கிற கொப்பியை நகர்த்தினான். அதில் முன்னால் வந்தவர்களின் கையொப்பங்களும் சுருள் கோடுகளும் இருந்தன. அவள் நிப்பைத் தோய்த்து, முதலில் ஒரு பிள்ளையார் சுழி போட்டாள். அதன் கீழே, என்ன எழுதுவது என்று யோசிக்காமலே, கை தானாக எழுதியது: இத்தால் சகலரும் அறிவதாவது.

கீழே இறங்கிய கோடெல்லாம் தடித்தது. வளைவெல்லாம் மெலிந்தது. முதல் இகரம் சுழித்துக்கொண்டு போய்த் தானே நின்றது. தன் எழுத்து இவ்வளவு வடிவென்று நாற்பது வயதுவரை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைக்காரன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். "இது என்ன எழுத்து?"

"தமிழ்."

"விலை குறைக்க மாட்டேன்."

"நிப் பழுது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பழுதான சாமானுக்கு முழு விலையா?"

அவன் அவளை முதல் தடவையாக முகத்தில் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். விலை குறைந்தது. தோய்த்த மைப்போத்தலையும் அவள் கேட்டே வாங்கிக்கொண்டாள். அப்படியும் மூன்று காலைக் கூலி போனது.

வீட்டில் கணவர் செபமாலைமுத்து மினிகாப் ஓட்டிக் களைத்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் வைத்த பேனையைக் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா, மரக்கறி வாங்க வேண்டிய சனம் பேனையோடை வருகினம்?"

"பழைய பேனை. ஐம்பத்தைஞ்சு வயசு."

"அப்ப எனக்குப் பத்து வயசு மூப்பு. மரியாதையாய்க் கதைக்கவேணும்." கையை நீட்டினார். "இஞ்சை தாரும் பாப்பம்."

"தொடாதேங்கோ. கை மாறினால் நிப் பழுதாய்ப் போம்."

"நொத்தாரிசின்ரை மோளெல்லே," என்றார் அவர். சொன்ன பிறகு, சொல்லியிருக்கத் தேவையில்லை என்று முகம் மாறியது.

அவளுடைய தகப்பன் பத்மநாதன் யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு. காணி உறுதிகள் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது அவர் தொழில். எழுதியது பெரும்பாலும் தவமலர்தான். பதினாறு வயதிலிருந்து அவர் சொல்லச் சொல்ல உறுதிகளைப் பிரதி பண்ணினாள், குமிழ்முனைப் பேனையால். அவருடைய மைப்பேனை அவருக்கு மட்டும். கோர்ட்டு வாசலில் யாராவது கடன் கேட்டால் மூடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேனையை மட்டும் கொடுப்பார். மூடியில்லாத பேனையைச் சட்டைப்பையில் செருக முடியாது, எடுத்தவன் திருப்பித் தந்தே ஆகவேண்டும்.

எழுத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. பிழைத்த சொல்லைச் சுரண்டக் கூடாது. தெரியும்படி கோடிழுத்து வெட்டி, எந்த வரியில் எந்தச் சொல் வெட்டப்பட்டது என்று அடியில் எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கவேண்டும். ஒருமுறை தவமலர் ஒரு சொல்லைச் சவர பிளேடால் சுரண்டிவிட்டாள். ஐந்து பக்க உறுதியையும் மறுபடி எழுதவைத்தார். "வெட்டலாம். வெட்டினதை ஒளிக்கப்படாது," என்றார்.

1979இல் அவள் குருநகரின் கத்தோலிக்க வேதக்காரப் பெடியன் செபமாலைமுத்துவோடு போனாள். அன்றைக்கே பத்மநாதன் கிணற்றடியில் நின்று, அயலெல்லாம் பார்க்க, அவளைத் தலைமுழுகினார். பிறகு மூத்த மகன் குலசேகரத்தோடு லண்டனுக்கு வந்து, நோர்பரியில் நாலு வருஷம் இருந்தார். தவமலரும் அதே லண்டனில்தான், ஃபாரஸ்ட் கேட்டில். ஒரு ரெயில் மாறினால் போய்விடலாம். ஒருவரும் வா என்று சொல்லவில்லை.

பேனை வந்த முதல் கிழமை அவள் எதையென்றில்லாமல் எழுதினாள். பேனையின் பக்கவாட்டிலுள்ள சிறு நெம்புகோலை இழுத்துவிட்டால் மையை அது மெதுவாக உறிஞ்சும். அதைப் பார்ப்பதற்காகவே மை முடியவேண்டும் என்றிருந்தது. மரக்கறிப் பட்டியல் எழுதினாள். காஸ் மீற்றர் இலக்கத்தை எழுதினாள். கவுன்சில் பாரம் ஒன்றை நிரப்பி அனுப்ப, குமிழ்முனையால் மட்டும் எழுதவும் என்று திரும்பி வந்தது. அதே பேனையால் மறுபடி நிரப்பி அனுப்பினாள். இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டார்கள்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஜம்புநாதன் அச்சுக்கடை வைத்திருந்தார். கும்பகோணத்துக்காரர். கம்ப்யூட்டரில் தமிழ் வந்திருந்தாலும் அவருடைய மிஷினில் அது எறும்பு ஊர்ந்தது போலத்தான் வரும் என்பதால், அழைப்பிதழ்களையும் கோயில் நோட்டீஸ்களையும் தவமலரைக் கொண்டு எழுதுவித்து அப்படியே அச்சடிப்பார். குமிழ்முனை எழுத்து அச்சுப் பிளேட்டில் விட்டுவிட்டு விழும் என்று எப்போதும் குறைப்படுவார். அன்னப் பேனையால் எழுதிய முதல் தாளைக் கண்டதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா, இது என்ன பேனா? கல்லுல செதுக்கின மாதிரி இருக்கு."

மாசி நடுவில் ஒரு திங்கட்கிழமை அவர் ஒரு கட்டுத் தாளை நீட்டினார். "இறந்தவருக்குப் போடற முப்பத்தொண்ணாம் நாள் புத்தகம். கல்வெட்டுன்னு சொல்றீங்களே, அது. நோர்பரி பார்ட்டி, போன்ல பேசித் தபால்ல அனுப்பியிருக்காரு. பதினாறு பக்கம். வியாழக்கிழமை கொடுத்தீங்கன்னா வெள்ளிக்கிழமை ஓட்டிடுவேன். ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சி."

முதல் தாளில் தகப்பனுடைய படம் இருந்தது.

செத்தவீடு முடிந்து நாலாம் நாள், ஈஸ்ட்ஹாம் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுதான் அவர் இறந்த செய்தியை அவள் கேட்டிருந்தாள். இப்போது மூன்றாம் பக்கத்துக்குப் போனாள். ஆறாம் வரி: குலசேகரம், தவநாயகி ஆகியோரின் பாசமிகு தந்தையும். அவ்வளவுதான். அக்கா தவநாயகிக்குப் பிறகு வேறு பிள்ளையின் பெயர் இல்லை.

"நொத்தாரிசுன்னா வக்கீலாம்மா?"

"காணி உறுதி எழுதிறவர்."

"பெரிய குடும்பம் போல இருக்கு."

"ஓம். அவை எழுதினதிலும் பெரிசு," என்றாள் தவமலர். ஜம்புநாதனுக்கு அவள் மிசஸ் செபமாலைமுத்து. வேறு எதுவும் தெரியாது. அவளும் சொல்லவில்லை.

நாலு நாள் எழுதினாள். தேவாரம், தோத்திரம், தகப்பனுடைய பெருமைகள், ஒன்றையும் மாற்றவில்லை. ஆறாம் வரியில் அக்காவின் பெயருக்குப் பிறகு தவமலர் என்று எழுதினாள். எட்டாம் வரியில், மருமக்கள் பெயர்களோடு, செபமாலைமுத்து.

செபமாலைமுத்து அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அதுக்குள்ளை ஏனப்பா என்னை இழுக்கிறீர்?"

"மருமோன் எண்டால் மருமோன்தானே."

"உம்மடை அண்ணை வாளோடை வருவார்."

"வரட்டும். வாளோடை பஸ்ஸிலை ஏத்தமாட்டாங்கள்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜம்புநாதன் போன் பண்ணினார். "அம்மா, பார்ட்டி புரூஃப் பார்க்க வந்திருக்காரு. கொஞ்சம் வாங்க. சத்தம் போடுறாரு."

அவள் பேனையையும் ஒரு கடித உறையையும் கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

குலசேகரம் கடையின் நடுவில் மூன்றாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாலு வருஷத்தில் தலைமயிர் சாயம் பூசிக் கறுப்பாகவும் முகம் வெளிறியும் இருந்தன.

"இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதோ?" என்றார் எடுத்த எடுப்பில். "உன்னை ஆர் எழுதச் சொன்னது?"

"மிஸ்டர் ஜம்புநாதன். கூலிக்குத்தான் எழுதினனான், அண்ணை."

"சார், சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது," என்றார் ஜம்புநாதன்.

"ஐயா உன்னைத் தலைமுழுகினவர். ஊருக்கே தெரியும்."

"முழுகினவர்தான். எழுத்திலை எழுதினவரோ? நொத்தாரிசெல்லே. எழுதாத கதையை அவர் ஒருநாளும் கணக்கெடுத்ததில்லை. எழுதினதைக் காட்டுங்கோ, வெட்டிவிடுறன்."

"அவன்ரை பேரையும் போட்டிருக்கிறாய்!"

"அக்காவின்ரை மனிசனைப் போட்டிருக்கிறியள். அந்தாள் ஐயாவை ஒரு நாள் கண்ணாலை கண்டதோ? கனடாவிலை இருந்து போட்டோவிலை பேசி முடிச்ச கலியாணம்."

ஜம்புநாதன் சிரிப்பை அடக்க மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வெட்டு," என்றார் குலசேகரம்.

"வெட்டமாட்டன்."

"அப்ப பேனையைத் தா. நான் வெட்டுறன்."

தவமலர் பேனையை எடுத்தாள். மூடியைத் திருகிக் கழற்றித் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, பேனையை மட்டும் நீட்டினாள்.

அவர் மேசையில் தாளை வைத்து அழுத்தி இழுத்தார். நிப் விரிந்து துப்பியது. தவமலர் மேல் ஒரு கோடு, செபமாலைமுத்து மேல் இன்னொரு கோடு. பக்கத்தில் மூன்று மைத்துளி. நிமிர முன்னரே அவள் அவருடைய விரல்களுக்குள்ளிருந்து பேனையை வாங்கிவிட்டாள். தாளைத் தன் பக்கம் இழுத்து, அடியில் இருந்த வெற்றிடத்தில் எழுதினாள். அவசரப்படவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று வாசித்தாள்.

"இத்தால் சகலரும் அறிவதாவது: இப்பக்கத்தில் ஆறாம் வரியில் தவமலர் என்னும் பெயரும், எட்டாம் வரியில் செபமாலைமுத்து என்னும் பெயரும், அச்சிட முன்னர், இறந்தவரின் மகன் குலசேகரத்தால் வெட்டப்பட்டன." கீழே கோடு ஒன்று இழுத்தாள். "இதிலை கையெழுத்து வையுங்கோ."

"இதென்ன விசர்க் கூத்து?"

"வெட்டினால் எழுதவேணும். ஐயாவின்ரை புத்தகம் எண்டால் ஐயாவின்ரை சட்டத்திலைதான் நடக்கும். எனக்கு அதைப் படிப்பிச்சது அவர்."

குலசேகரம் ஜம்புநாதனைப் பார்த்தார். "டிப்பெக்ஸ் இருக்கோ?"

எழுத்தை மறைக்கும் அந்த வெள்ளைப் பூச்சு கவுண்டரில் எல்லோருக்கும் தெரியத்தக்கதாகவே இருந்தது. ஜம்புநாதன் அதைப் பார்த்தார், தவமலரையும் பார்த்தார். எடுத்துக் கொடுக்கவில்லை.

"டிப்பெக்ஸ் பூசினால் பதினாறு பக்கமும் என்னோடை வீட்டை வரும்," என்றாள் அவள். மூடியைப் பொத்திய கையை மற்றத் தாள்களின் மேல் வைத்தாள். "கூலி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி, வேற ஆளைப் பாருங்கோ. இல்லையெண்டால் இந்த வெட்டினதை அப்பிடியே அடியுங்கோ, ஆர் வெட்டினதெண்டு சனம் வாசிக்கட்டும். அதுவும் பிடிக்கேல்லை எண்டால்..." கைப்பையிலிருந்த உறையைப் பிரித்து இன்னொரு தாளை மேசையில் வைத்தாள். அதே மூன்றாம் பக்கம். கோடில்லை, மைத்துளியில்லை. ஆறாம் வரியில் மூன்று பிள்ளைகள். "இது மற்றப் பிரதி."

குலசேகரம் இரண்டு தாளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். 

"சார், நாலு மணிக்கு மிஷின்ல வேற வேலை இருக்கு," என்றார் ஜம்புநாதன். "எதை ஓட்டறது?"

குலசேகரத்தின் கண் அந்தக் கையொப்பக் கோட்டுக்குப் போனது. மண்டபத்துக்கு வரும் இருநூறு பேரும் அதை வாசிப்பார்கள்.

"கோடில்லாததை அடியும்," என்றார். ஜம்புநாதனிடம்தான் சொன்னார், அவளிடமில்லை. மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பினார். "ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துப் பக்கம் வந்திடாதை."

"வருவன். அவரையும் கூட்டிக்கொண்டுதான் வருவன். எங்கடை பேர் கிடக்கிற புத்தகம், ஆளுக்கொண்டு எடுக்கவேணும்."

கதவு மணி அடித்து ஓய்ந்தது. ஜம்புநாதன் கோடில்லாத தாளைப் பிளேட்டுக்கு எடுத்துக்கொண்டு, மற்றதை இரண்டு விரலால் தூக்கினார்.

"இதைக் கிழிச்சிடவா அம்மா?"

"வேண்டாம். தாங்கோ. உறுதியெண்டால் ரெண்டு பிரதியும் பத்திரமாய் இருக்கவேணும்."

அவள் உட்கார்ந்து நிப்பைத் துணியால் துடைத்து, அண்ணனுடைய கை அதை என்ன செய்துவிட்டது என்று பார்த்தாள். பழையபடிதான் தெரிந்தது. வெட்டிய தாளின் ஓரத்தில் எழுதிப் பார்த்தாள்: தவமலர். இறங்கின கோடு தடித்தது, வளைவு மெலிந்தது. பின்னால் மிஷின் ஓடத் தொடங்கியது. அவள் உள்ளங்கையைத் திறந்து, மூடியை எடுத்துத் திருகினாள்.